பதினாலாம் மாதத்துக் கிடார்

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு காலையில், ஆவுடையம்மாள் அந்தப் பொருளைப் பழைய சேலையில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு கல்மண்டபத்துக்குப் புறப்பட்டாள். ஆளுயரத்துக்கு ஒரு முழம்தான் குறைச்சல். அகலமான பக்கம் விலாவில் இடித்தது, நீளமான பக்கம் முன்னால் நீட்டிக்கொண்டு போவோர் வருவோரையெல்லாம் ஒதுங்கச் சொன்னது. பனைமரத்தொட்டி முனையில் காரப்பொடி மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தவள், "இன்னாக்கா, துடுப்பு எத்துக்கினு எங்க போற?" என்று கேட்டாள். ஆவுடையம்மாள் சிரித்து வைத்தாள். அது என்னவென்று அவளுக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஆயா வேலை அவளுக்கு. காலையில் பெட்பான் எடுப்பதில் தொடங்கி, வார்டைக் கழுவி, எழ முடியாத நோயாளிகளுக்கு ஊட்டி விடுவதுவரை அவள் பொறுப்பு. அவள் புருஷன் மாசானம் துறைமுகத்தில் கோதுமைக் கப்பலில் இறக்கு கூலியாக இருந்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்குப் பயந்து வந்தவர்கள். வந்து பதினாறு வருஷமாகியும் வீட்டுக்குள் ஊர்ப் பேச்சு மாறவில்லை. போன மாசி மாதம் கப்பலின் அடித்தளத்தில் அவன் நின்றுகொண்டிருந்தபோது, மேலே தொங்கிய மூட்டைக்கட்டின் கயிறு அறுந்தது. பத்து மூட்டைக் கோதுமை. மற்றவர்கள் தாவி விலகிவிட்டார்கள். அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

ஐந்தாறு இங்கிலீஷ் எழுத்தும் எல்லா எண்களும் மாசானத்துக்குத் தெரியும். அதனால் மேஸ்திரி தவசிமுத்து ஒரு நாள் வீட்டுக்கு வந்து, மரக்கால் ஒன்று போட்டுக்கொண்டு அவன் நிற்க முடிந்தால் மூட்டை எண்ணும் ஷெட்டில் சேர்த்துவிடுவதாகச் சொல்லிப் போனார். தை பிறந்ததும் அந்த இடத்துக்கு ஆள் எடுப்பார்கள். இரண்டு கட்டையை ஊன்றி நிற்கிறவனை எடுக்க மாட்டார்கள், ஒரு கையில் பலகையும் ஒரு கையில் பென்சிலும் வேண்டும். பெரம்பூரில் கால் செய்து கொடுக்கிறவன் இருநூற்றி எண்பது ரூபாய் கேட்டான். ஆவுடையம்மாளின் கழுத்திலும் காதிலும் இருந்ததெல்லாம் ஆறு மாத வைத்தியத்தில் கரைந்திருந்தது. மீதமிருந்தது இந்தத் துடுப்புதான்.

காஜா மொய்தீனின் பழஞ்சாமான் கடை கல்மண்டபச் சந்தில் இருந்தது. சீமைக்குக் கப்பலேறும் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரக் குடும்பங்கள் கட்டிலையும் கண்ணாடியையும் பியானோவையும் அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். பழைய சாமானுக்கு அவன் சொன்னால் விலை அதுதான் என்று ராயபுரத்தில் ஒரு பேச்சு. கடையில் அப்போது அவனோடு இன்னொருவனும் இருந்தான். ரயில்வேயில் கூட்ஸ் கார்டு வேலை பார்க்கும் வால்டர். சனிக்கிழமைகளில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனத்துக்கு, நின்றுகொண்டு வாசிக்கும் ஆளுயரப் பிடிலை வாசிப்பவன். அந்தப் பிடிலுக்குக் கம்பி கேட்டு வந்திருந்தான்.

ஆவுடையம்மாள் சேலையைப் பிரித்தாள். வெளுத்த மஞ்சள் நிறத்தில் தட்டையான பலகை, நீளக் கழுத்து, சணல்கயிறு போலத் தடித்த நாலு கம்பி. காஜா மொய்தீன் அதைப் புரட்டிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், ஒரு கம்பியைச் சுண்டினான். ஈ முனகுவது போல ஒரு ஓசை வந்து செத்தது.

"கிடாருன்னா வவுத்துல ஓட்டை இருக்கும்மா. ஆறு கம்பி இருக்கும். இதுல ஓட்டையும் இல்ல, சவுண்டும் இல்ல. எவனோ பாதி செஞ்சு போட்டுட்டான்" என்றான்.

 கடையின் ஓரத்தில் ஒரு பெரிய தேக்கு பீரோ நின்றது. ஆவுடையம்மாள் பொருளைத் தூக்கிப் போய், அதன் தலையை பீரோவின் கதவில் அழுத்தி வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் தடித்த கம்பியை இழுத்து விட்டாள். வார்டில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. பீரோ முழுவதும் முனகிற்று. உள்ளே அடுக்கியிருந்த பீங்கான் தட்டுகள் அதிர்ந்தன. தரையில் நின்ற அவளுடைய பாதத்தில் அந்த அதிர்வு ஏறியது.

வால்டர் உட்கார்ந்திருந்த முக்காலியை விட்டு எழுந்து வந்தான். அவள் கையிலிருந்து வாங்கி, பீரோவில் சாய்ந்தபடியே நாலு கம்பியையும் முறுக்கிச் சுதி சேர்த்தான். பிறகு கொஞ்ச நேரம் வாசித்தான். அவன் முகத்தில் வந்த மாற்றத்தை காஜா மொய்தீன் கவனித்தான். வியாபாரி என்பதால் ஆவுடையம்மாளைவிட முன்னால் கவனித்தான்.

"இது பேஸ் கிடார். என் பெரிய பிடிலோட வேலையை இது செய்யும்" என்றான் வால்டர். "மின்சாரத்துல பேசும். அமெரிக்கா புஸ்தகத்துல படம் பார்த்திருக்கேன். கையால தொடறது இன்னிக்குத்தான்."

படத்தில் பார்த்ததுபோல அமெரிக்காவில் செய்ததாக இருந்தால் முந்நூறு ரூபாய்க்கு மேலும் கொடுக்கத் தயார் என்று அவன் சொல்லிவிட்டான். காஜா மொய்தீன்தான் நிறுத்தினான். அவன் கவலைகள் இரண்டு. கல்கத்தாவில் எதைப் பார்த்தாலும் அதேபோலச் செய்துவிடும் ஆசாரிகள் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்துச் செய்த நகலாக இருந்தால் நாற்பது ரூபாய்கூட அதிகம். கம்பெனிப் பெயர் இருக்கவேண்டிய தலைப்பக்கம் மொட்டையாக இருக்கிறது. இரண்டாவது கவலை, இது எப்படி ஒரு ஆஸ்பத்திரி ஆயாவின் கைக்கு வந்தது என்பது. பெயரைச் சுரண்டி எடுத்த சாமான் பெரும்பாலும் திருட்டுச் சாமான்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ விற்ற இரண்டு கைக்கடிகாரத்துக்காகச் சுங்க இலாகாக்காரர்கள் அவன் கடையைப் புரட்டிப் போட்டு, அவனை நாலு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள்.

"நீ திருடி எட்த்தேன்னு சொல்லலம்மா" என்றான் அவளிடம். "ஆனா சாமானுக்குப் பொறப்பு தெரியணும், வந்த வழியும் தெரியணும். ரெண்டும் தெரிஞ்சாத்தான் அதுக்கு நாயமான வெலை சொல்ல முடியும். இப்ப கேட்டா நாப்பது. எத்துக்கினு போறதுன்னாலும் போ, நான் கோச்சுக்க மாட்டேன்."

ஆவுடையம்மாளுக்கு முகம் சுண்டிப் போயிற்று. பெயரை யாரும் சுரண்டவில்லை, வருஷக்கணக்காக மரத்தில் அழுத்தி அழுத்தித் தேய்ந்தது என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் இருவருமாக அவள் வீட்டுக்கு வந்து, மாசானத்தையும் கேட்டு, கழற்றியும் பார்ப்பது என்று பேசிக்கொண்டார்கள். அவள் மறுபடியும் சேலையில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

அது வந்த வழி இதுதான். முந்தின வருஷம் சித்திரையில், கோதுமை கொண்டுவந்த அமெரிக்கக் கப்பலின் சமையல்காரன் ஒருவனை மஞ்சள் காமாலை என்று கொண்டுவந்து போட்டார்கள். நல்ல கறுப்பு. ஆறடி உயரம், கட்டிலுக்கு வெளியே கால் தொங்கும். ஜேம்ஸ் என்று பெயர், வார்டில் ஜிம்மு ஆகிவிட்டான். கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. ரொட்டியும் பாலும் வைத்தால் அப்படியே வாந்தி. ஆவுடையம்மாள் வீட்டிலிருந்து நொய்க்கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். யாருக்கும் தெரியாமல் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கியும் கொடுத்தாள். நாற்பத்தொரு நாள். கொஞ்சம் தெம்பு வந்ததும், கப்பலிலிருந்து கூடவே வந்திருந்த அந்தப் பொருளை எடுத்து, தலையை மர அலமாரியில் அழுத்தி வாசிப்பான். பக்கத்துக் கட்டிலில் முனகிக்கொண்டிருப்பவர்கள்கூடக் கொஞ்சம் சும்மா இருப்பார்கள். ஊருக்கு அனுப்ப ஆள் வந்த அன்று, அதை அவள் கையில் வைத்து, அவள் விரல்களை அதன் கழுத்தைச் சுற்றி மடக்கிவிட்டான். ஏதோ சொன்னான். வார்டு சிஸ்டர் தேவப்பிரியம் பக்கத்தில் நின்றவள், "உனக்குத்தானாம், கஞ்சிக்காம்" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நோயாளிகளிடமிருந்து சிப்பந்திகள் எதையும் வாங்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். வாங்கினால் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும்.

மாசானத்துக்கு ஆரம்பத்திலிருந்தே அது பிடிக்கவில்லை. கால் போன பிறகு அவனுக்கு எதுவுமே பிடிக்கவில்லை. துறைமுகச் சங்கு ஊதும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். ரேஷனில் போட்ட கோதுமையை அவள் களியாகக் கிண்டி நெத்திலிக் குழம்போடு வைத்தால், என் காலை வாங்கின கோதுமையைத் தின்னணுமாக்கும் என்று தட்டைத் தள்ளுவான். பிறகு பசிக்குத் தின்பான். கடையில் நடந்ததை அவள் சொன்னபோது, "அவன் சொல்லுததுல தப்பு என்னளா இருக்கு? நம்ம சொல்ல எவன் நம்புவான்" என்று மட்டும் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி தூறல். காஜா மொய்தீன் குடையோடும், வால்டர் பூசைக்குப் போட்டுப் போன கோட்டோடும் வந்தார்கள். ஒற்றை அறை வீடு. ஓலையில் ஒழுகிய இடத்தில் அண்டா வைத்திருந்தது. மாசானம் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, லுங்கியை இழுத்து மொண்டிக்காலை மூடிக்கொண்டான். ஆவுடையம்மாள் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தாள். காஜா மொய்தீன் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கால் எப்படிப் போயிற்று என்று கேட்டான். யாரும் கேட்டு வெகுநாளாகிவிட்டதாலோ என்னவோ, மாசானம் கயிறு அறுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். சாமானைப் பற்றிய பேச்சு வர அரைமணி ஆயிற்று.

பலகை ஒட்டுமரமா ஒரே மரமா என்று பார்க்க வேண்டும் என்றான் வால்டர். காஜா மொய்தீன் கம்பிகளைத் தளர்த்திவிட்டு, முதுகில் இருந்த சிறு தகட்டின் நாலு திருகாணிகளையும் பதமாகக் கழற்றினான். கழுத்துத் தனியாக வந்தது. அது பலகைக்குள் பொருந்தியிருந்த அடிப்பகுதியில், வெளிச்சம் படாத இடத்தில், பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது.

வால்டர் வாசல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான். ஐந்து, ஒரு கோடு, பதினாலு, ஒரு கோடு, ஐம்பத்துநாலு.

அளவாக இருக்கலாம் என்றான் வால்டர். ஏதாவது உருப்படி நம்பராக இருக்கும் என்றான் காஜா மொய்தீன். தேதியாக இருக்குமோ என்றும் காஜா மொய்தீன் கேட்டான், ஆனால் ஐந்தாம் தேதி பதினாலாம் மாதம் என்று எந்த ஊரில் இருக்கிறது என்று அவனே சிரித்துவிட்டு, ஆசாரி கணக்கு ஏதோ கிறுக்கியிருக்கிறான், கல்கத்தாச் சரக்குத்தான் என்று கழுத்தை வாங்கிக் கீழே வைக்கப் போனான்.

"இங்க காட்டுங்க" என்றான் மாசானம்.

கட்டிலிலிருந்து கை நீட்டி வாங்கினான். பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"இது தேதிதான் பாய். அஞ்சாம் மாசம், பதினாலாந் தேதி. அமெரிக்காக்காரன் மாசத்தத்தான் முன்னால எழுதுவான்."

இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான். முதல் கோதுமைக் கப்பல் வந்தபோது பெட்டிகளிலும் மூட்டைச் சீட்டுகளிலும் இப்படித்தான் இருந்தது. பழைய சரக்கை முதலில் இறக்கச் சொல்லி உத்தரவு. இறக்கு கூலிகள் நம்ம கணக்கில் படித்து, எல்லாவற்றையும் தலைகீழாக அடுக்கிவிட்டார்கள். ஷெட் குமாஸ்தா வந்து குதித்தார். அப்போது மாசானம்தான் ஒரு சீட்டை எடுத்துக் காட்டிக் கேட்டான், இருபத்திரண்டாம் மாதம் என்று போட்டிருக்கிறதே, அப்படி ஒரு மாதம் உண்டா என்று. அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் விளங்கிற்று. அன்றிலிருந்து தவசிமுத்து மேஸ்திரி அவனைச் சீட்டுப் பார்க்கக் கூப்பிட ஆரம்பித்தார்.

"இங்கிலீஷ்காரன் கப்பல்ல இப்படி வராது. கல்கத்தாக்காரனும் இங்கிலீஷ்காரங்கிட்ட படிச்சவன்தான், தேதிய முன்னால போடுவான்" என்றான் மாசானம். "ஏமாத்தச் செய்யுதவன் தலையில கம்பெனிப் பேர எழுதுவான். ஆரும் பாக்காத எடத்துல பென்சில் வச்சு எதுக்கு எழுதுதான்? இத செஞ்சவன் தன் ஞாபகத்துக்கு எழுதியிருக்கான்."

காஜா மொய்தீன் தாடியைத் தடவினான். பிறகு கழுத்தை வாங்கி மறுபடி பார்த்தான்.

"முப்பது வருஷமா பழஞ்சாமான் பாக்குறேன், மாமு" என்றான். "இந்த மாரி ஒரு ரோசனை எனக்கு வர்ல."

 ஆவுடையம்மாள் மட்டும் கவனித்தாள், லுங்கி விலகி மொண்டிக்கால் வெளியே தெரிந்துகொண்டிருந்தது, மாசானம் அதை இழுத்து மூடவில்லை.

பிறப்புத் தெரிந்துவிட்டது. வந்த வழியையும் ஆவுடையம்மாள் சொல்லிவிட்டாள். விலையும் அங்கேயே பேசியாயிற்று. புதிதாக அமெரிக்காவில் இருநூறு டாலர் என்று வால்டர் புத்தகத்தில் பார்த்ததை மறைக்காமல் சொன்னான். அது நம் பணத்தில் ஆயிரத்துக்குக் கிட்டே வரும். நாலு வருஷம் உழைத்தது, பெயர் தேய்ந்தது, கம்பி அறுந்தால் மதராசில் கிடைக்காது, ஒலிபெருக்கும் பெட்டியைத் தனியாகச் செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கழித்து, முந்நூற்றைம்பது என்றான் காஜா மொய்தீன். மாசானம் நானூறு கேட்டுப் பார்த்தான். பிறகு சரி என்றான். ஆனால் வால்டர் ரயில்வே உத்தியோகஸ்தன். பின்னால் ஒரு கேஸ் என்று வந்தால் வேலை போய்விடும். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வரி எழுதி வாங்கி வந்தால் மறுநாளே பணம் தருவதாகச் சொன்னான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

 எழுதித் தரக் கேட்பது என்றால், சட்டத்தை மீறி வாங்கினேன் என்று ஆவுடையம்மாள் தானே போய்ச் சொல்வது. வேலைக்கு வேட்டு வைக்கும். அவர்கள் போன பிறகு மாசானம்தான், நாற்பது ரூபாய்க்கே தள்ளிவிடு, கால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். "இருக்குத ஒரு சம்பளமும் போச்சுன்னா என்ன செய்ய?"

"அவன் சும்மாத் தந்தான். நான் திருடலைல்லா" என்றாள் ஆவுடையம்மாள். "நாப்பதுக்கு வித்தா நான் திருடுனேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா?"

மறுநாள் டியூட்டி மாறும் நேரத்தில் சிஸ்டர் தேவப்பிரியத்தின் மேஜை முன்னால் போய் நின்றாள். தேவப்பிரியம் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரி. ஐம்பது வயது, கலியாணமில்லை, வெள்ளை உடுப்பில் ஒரு மடிப்புக் கலையாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினாள். எழுதிக் கொடுத்தால் ஆபீசுக்கும் ஒரு நகல் போகவேண்டும் என்றாள். பார்த்துக்கொண்டு நின்றும் ஏன் சொல்லவில்லை என்று தன்னையும் கேட்பார்கள் என்றாள். ஆவுடையம்மாள் அதை யோசித்திருக்கவில்லை. அப்படியானால் வேண்டாம் சிஸ்டர் என்று திரும்பினாள்.

"நில்லு" என்றாள் தேவப்பிரியம். "நாளைக்குக் காலைல வா."

காலையில் உறை தயாராக இருந்தது. ஜேம்ஸ் என்ற நோயாளி, குணமாகிப் போகும்போது, தன் வாத்தியத்தைத் தன் மனதார ஆயா ஆவுடையம்மாளுக்குக் கொடுத்தான், நான் அருகில் இருந்து பார்த்தேன், அப்போதே தெரிவிக்காதது என் தவறு என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தாள். படித்துத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

"கீழாநெல்லி கொடுத்தத எழுதல" என்றாள் தேவப்பிரியம். "அதையும் எழுதணும்னா சொல்லு, எழுதுதேன்."

 அது உங்களுக்குத் தெரியுமா என்று ஆவுடையம்மாள் கேட்டாள். மோர் எந்த ஊரில் பச்சையாக இருக்கும் என்றாள் சிஸ்டர். அவள் சிரித்து ஆவுடையம்மாள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆபீசில் விசாரணை இரண்டு வாரம் நடந்தது. ஆவுடையம்மாளுக்குப் பதினைந்து நாள் சம்பளம் பிடித்து, வார்டிலிருந்து எடுத்துத் துணி வெளுக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். கொதிக்கும் தொட்டியில் ரத்தத் துணியை அலசும் வேலை, ஒரே மாதத்தில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. தேவப்பிரியத்துக்கு ஒரு மெமோ வந்தது. அடுத்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவள் ஆவுடையம்மாளிடம் ஒருநாளும் பேசவில்லை. வெளுத்த துணி வாங்க வார்டுப் பையனை அனுப்பாமல் தானே சில நாள் வருவாள், எண்ணிப் பார்ப்பாள், போவாள்.

வால்டர் சொன்ன சொல் தவறவில்லை. காகிதத்தைப் பார்த்த அன்றே முந்நூற்றைம்பதையும் ஆவுடையம்மாள் கையில் கொடுத்தான். காஜா மொய்தீனுக்குத் தரகாக இருபது ரூபாயை அவள் எடுத்து நீட்டினாள். அவன் பத்தை எடுத்துக்கொண்டு, ரோசனை சொன்னவனுக்குப் பாதி என்று மீதியைத் திருப்பிக் கொடுத்தான்.

மார்கழி நடுவில் பெரம்பூரிலிருந்து கால் வந்தது. தோல்வாரும் இரும்புப் பட்டையும் வைத்த மரக்கால். முதல் பத்து நாள் நரகம். வெட்டுப்பட்ட இடம் புண்ணாகி, துணி நனைந்தது. மாசானம் சுவரைப் பிடித்துக்கொண்டு அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடப்பான், விழுவான், அவள் தூக்க வந்தால் வேண்டாம் என்பான். பிறகு சந்து முனைவரை. பிறகு மீன் மார்க்கெட் வரை போய், யாரும் கேட்காமலே கால்ரூபாய்க்கு நெத்திலி வாங்கி வந்தான்.

பொங்கல் கழிந்து தை ஐந்தாம் நாள் அவனை வரச் சொல்லியிருந்தார்கள். ஆவுடையம்மாள் கொட்டகையில் ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனாள். துறைமுக வாசலுக்கு இப்பால் அவளை நிற்கச் சொல்லிவிட்டு, மாசானம் ஒரு காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நடந்தான். அந்த நேரத்துக்குச் சங்கு ஊதிற்று. காசிமேட்டுப் பக்கமிருந்தும் தண்டையார்பேட்டைப் பக்கமிருந்தும் ஆட்கள் திரண்டு வந்தார்கள். தூக்குச்சட்டியும் தலைப்பாகையுமாக நூறு, இருநூறு பேர். மழைத்தண்ணீர் தேங்கிய தார்ரோட்டில் குழிக்குக் குழி தப்பி, எல்லாருமே கொஞ்சம் சாய்ந்தும் தாங்கியும்தான் நடந்தார்கள். அவள் எக்கி எக்கிப் பார்த்தாள். கூட்டத்தில் எந்த நடை அவனுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.